ஆஸ்திரேலியாவுக்குப் போன குருத்தோலை

நான் பார்த்தது கதவு சாத்துகிற வேலை. என் வீட்டுக்காரி லூர்துமேரி அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வாள். "இவரு கண்டெய்னர் கதவைச் சாத்திப்போட்டு வந்துருவாருங்க, அதுக்குத்தான் சம்பளம்" என்பாள். சிரிப்புக்குச் சொன்னாலும் அதில் பொய் இல்லை. சாத்துவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இருக்கக்கூடாது என்று பார்ப்பது என் பொறுப்பு. சாத்திய பிறகு அந்தக் கதவைத் திறப்பவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். நடுவில் இருக்கிற நாட்களில் எனக்குச் சோறு சரியாக இறங்காது.

போன மாதம் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, ஏற்றுமதிக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற நம் பங்குப் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மாமா, இப்ப கண்டெய்னர் செக் பண்ற கேள்வியெல்லாம் எங்களுக்குப் போன்லயே வந்துருச்சுங்க. ஆமா, இல்லைன்னு தட்டிவிட்டாப் போதும். நீங்கெல்லாம் எப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டார்கள். தட்டிவிட்டால் போதும் என்ற சொல் என்னை விடவில்லை. அதனால்தான் பங்கு மலருக்கு இதை எழுதிக் கொடுக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். கொஞ்ச காலம் ஒரு மில் கிடங்கில் மூட்டை தூக்கினேன். மில் மூடியபின், சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருந்த ஒரு உணவுக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஏற்றச் சேர்ந்தேன். சாம்பார், வத்தக்குழம்பு, நம் ஊர் அரிசிம்பருப்புச் சாதம் எல்லாவற்றையும் பவுச்சில் அடைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, பெரிய ஆவிக்கொப்பரையில் பவுச்சோடு வேகவைப்போம். ஃப்ரிட்ஜ் இல்லாமலே ஒரு வருஷத்துக்கு மேல் கெடாது. துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று கப்பலில் போகும். பெட்டி ஏற்றுகிறவனாக இருந்தவன், பல வருஷம் கழித்து ஏற்றுவதை மேற்பார்க்கிறவன் ஆனேன். இடையில் நடந்ததைச் சொல்ல ஒன்றும் இல்லை. முதுகு வலித்தது, பிள்ளைகள் படித்தார்கள்.

எங்கள் ஏற்றுமதி மேனேஜர் ரங்கசாமி சார். வெள்ளகோவில் பக்கத்துக்காரர். மாதம் ஒருமுறை சென்னிமலை ஏறி முருகனைப் பார்க்காவிட்டால் அவருக்கு அந்த மாதம் கணக்கிலேயே வராது. சத்தம் போட்டு ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "அந்தோணி, இங்க வாங்க" என்பார். கோபமாக இருந்தால், "ஏனுங்க அந்தோணிசாமிங்க, கொஞ்சம் இப்படி வர்றீங்களாங்க" என்பார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' விழுந்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை. நாங்கள் ஓரமாக நின்று 'ங்க' எண்ணுவோம்.

காலி கண்டெய்னர் வந்தால் முதல் வேலை மூக்குக்குத்தான். உள்ளே ஏறி நின்று மோந்து பார்க்க வேண்டும். முன்னால் மீனோ பூச்சிமருந்தோ ஏற்றியிருந்தால் அந்த வாடை போகவே போகாது. அடுத்தது தரை. சார் தன் வெள்ளைக் கைக்குட்டையால் பலகையைத் துடைத்துப் பார்ப்பார். ஈரமோ எண்ணெயோ ஒட்டினால் வண்டி அப்படியே திரும்பிப் போகும். கடைசியில் வெளிச்சம். நான் மட்டும் உள்ளே நிற்பேன். வெளியே இரண்டு கதவையும் சாத்திவிடுவார்கள். கும்மிருட்டு. கூரையிலோ பக்கத்திலோ மூலையிலோ ஊசிமுனை அளவுக்கு வெயில் தெரிந்தால் அங்கே ஓட்டை, அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கும் என்று அர்த்தம். ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லும் நேரம் கண் பழக வேண்டும். அப்புறம் பத்து சொல்லும் நேரம் தேட வேண்டும். அதுதான் என் கடிகாரம். ஒருநாள் பத்து முடிந்தும் நான் கதவைத் தட்டவில்லை என்று சாரே திறந்துவிட்டார். "உள்ள பூசையே வெச்சுப்போட்டீங்களாட்டம் இருக்குது" என்றார்.

ஏற்றும்போது கூரையோரமாக ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவோம். கடைசிப் பெட்டி ஏறியதும் கதவைச் சாத்தி, கம்பி சீல் அடித்து, அதன் நம்பரை நான் ஒருமுறை உரக்கப் படிப்பேன், சார் ஒருமுறை படிப்பார். அதற்கப்புறம்தான் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும்.

ஒருமுறை மலேசியாவுக்குப் போன பெட்டிகள் நனைந்துபோய்ச் சேர்ந்தன. கண்டெய்னரில் ஓட்டை இல்லை. சூடும் குளிருமாக மாறி மாறி அடித்ததில் உள்ளே இருந்த காற்றே வேர்த்து, கூரையிலிருந்து சொட்டியிருக்கிறது. பைகளைக் குறைவாகத் தொங்கவிட்டது என் தப்பு. பவுச்சுக்குள் இருந்த சாம்பாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அட்டைப்பெட்டி ஊறிக் கிழிந்த போட்டோவைச் சார் என் முன்னால் வைத்தபோது, அவர் எத்தனை 'ங்க' சொன்னார் என்று என்னால் எண்ண முடியவில்லை.

அன்றிலிருந்து பயம் என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பைகளை இரண்டு மடங்காக்கினோம். அது போதவில்லை எனக்கு. அடுத்து ஈஸ்டருக்கு முன்னால் வந்த குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னச் சிலுவைகளாகப் பின்னினேன். கண்டெய்னருக்கு ஒன்று. கதவுக்குள்ளே வலது பக்கம், மேலே ஒரு இரும்பு வளையம் இருக்கும். சாத்துவதற்கு முன்னால் அதில் செருகி, கடலின் விண்மீனான மாதாவிடம் ஒப்படைத்துவிட்டுச் சாத்துவேன். யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் புது ஓலை வாங்கி, புதுச் சிலுவை பின்னினேன். அதற்கப்புறம் எதுவும் நனையவில்லை. பைகள் கூடியதால் என்று மூளைக்குத் தெரியும். மனசு பையை எண்ணாது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு ஆஸ்திரேலியாவிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. மெல்பேர்னில் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கிற சிவநேசன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் வாங்கினார். அந்த நாட்டுக்குப் போகிற கண்டெய்னருக்குத் தனியாக ஒரு உறுதித்தாள் உண்டு. சார் அதை எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் புரியவைத்தார். வைக்கோல் இல்லை, உமி இல்லை, மரப்பட்டை இல்லை, மூங்கில் இல்லை, மண் இல்லை, இலைதழை எதுவும் இல்லை. "அவங்களுக்குப் பூச்சின்னா அவ்வளவு பயமுங்க. ஒரு வண்டு போனா அவங்க நாட்டுக் கோதுமையே போயிருமாம்" என்றார். ஏற்றுகிற இடத்தில் நின்று பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அது நான்.

பொங்கல் முடிந்த வாரம் ஏற்றினோம். பேக்கிங் பகுதி மரகதம், முதல் ஆஸ்திரேலியா கண்டெய்னர் என்று சந்தோஷத்தில் கதவின் உள்பக்கக் கம்பியில் ஒரு முழம் செவ்வந்தி கட்டிவிட்டாள். நான் போய்ப் பிய்த்து எறிந்தேன்.

"ஏனுங்ணா, சாமிக்குக் கட்டுன பூவைப் பிய்க்கறீங்களே, கை கூசலீங்களா?"

"பூ போகக்கூடாது அம்மணி. அந்த நாட்டுல புல்லு போனாலும் குத்தம்."

"அப்ப லாரிக்காரரு எலுமிச்சம்பழம் வெச்சிருக்காரே?"

"அது சக்கரத்துக்கடியில. நசுங்கி இங்கயே கெடக்கும். கண்டெய்னருக்குள்ள போகுதா?"

தரையில் விழுந்த இதழ்களைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பொறுக்கி முடித்து, அதே கையால் சட்டைப் பையிலிருந்து குருத்தோலைச் சிலுவையை எடுத்து வளையத்தில் செருகினேன். கதவைச் சாத்தினேன். "எல்லாம் சுத்தங்களா அந்தோணி?" என்றார் சார். "சுத்தமுங்க" என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், நான் பொய் சொல்லவில்லை. அத்தனை வருஷமும் அதை நான் இலையாகப் பார்த்ததே இல்லை. இலை என்றால் மரத்தில் இருப்பது. இது மந்திரித்தது.

மூன்று வாரம் இருக்கும். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, நெற்றியில் பூசும் சாம்பலுக்கு எரிக்கப் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று கோயிலில் சொன்னார்கள். அன்று மத்தியானம் லூர்து வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் இருந்த ஓலையை உருவினாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. ஓலையெல்லாம் பூச்சி புடிச்சுக் கெடக்குது."

படத்துக்குக் கீழே சுவரோரத்தில் கோதுமை மாவு கொட்டியது மாதிரி தூள். ஓலையின் நடுநரம்பில் ஊசி குத்தியது போல் ஓட்டைகள். ஒன்றிலிருந்து கடுகைவிடச் சின்னதாக, பழுப்பாக ஒரு வண்டு வெளியே வந்தது. என் கையில் ஏறி நடந்தது.

ஒரே கட்டு ஓலை. பாதி படத்துக்குப் பின்னால், பாதி என் சிலுவைகளில். அதில் ஒன்று கப்பலில்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். லூர்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கே அன்றுதான் தெரியும். அந்தக் கண்டெய்னரைத் திருப்பி அனுப்பினால், அல்லது சரக்கை அழிக்கச் சொன்னால், ஆஸ்திரேலியா வாசல் எங்கள் கம்பெனிக்கு அடைபட்டுவிடும். அந்த ஆர்டரை நம்பித்தான் பேக்கிங்கில் புதிதாகப் பெண்களை எடுத்திருந்தார்கள். தாளில் இருப்பது என் கையெழுத்து.

"மாதா பாத்துக்குவாங்க" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"பாத்துக்குவாங்க. அதுக்குன்னு அவங்க அந்த நாட்டுக்கு மெயிலா போடுவாங்க? நாளைக்குப் போய் உங்க சார்கிட்டச் சொல்லிப்போடுங்க."

"சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாது லூர்து. பத்துக்கு ஒன்பது தடவை அவங்க திறந்தே பார்க்க மாட்டாங்கன்னு சொல்றாங்க."

"அப்ப இப்ப எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

மறுநாள் காலை அந்த வண்டைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சார் மேஜைமேல் வைத்தேன். முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் பவுச்சில் அச்சான தேதியைச் சரிபார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, தீப்பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"எங்கீங்க வெச்சீங்க?"

"வலது பக்கமுங்க. மேல வளையத்துல."

"எவ்வளவு நீளமுங்க இருக்குங்க?"

விரலைக் காட்டினேன்.

"இதுக்கு முன்னால போன எல்லாக் கண்டெய்னர்லயும் வெச்சிருக்கீங்களாங்க அந்தோணிசாமிங்க?"

"ஆமாங்க."

தீப்பெட்டியை மூடினார். "மூணு வாரமா நான் அந்தத் தாளைக் காட்டிப் பெருமை பேசிட்டு இருக்கறேனுங்க. எங்க அந்தோணி ஒரு பூ இதழைக்கூட உடமாட்டாருன்னு ஓனர்கிட்டச் சொன்னேனுங்க" என்றார். அந்த மரியாதைக்கு அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கப்பல் நடுக்கடலில் இருந்தது. நிறுத்தித் திறக்க வழியில்லை. சொல்லாமல் விடலாமா என்று அவரும் யோசித்திருப்பார், எனக்குத் தெரியாது. பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, மெல்பேர்னுக்குப் பேசினார்.

"ஓலையோ?" என்றார் சிவநேசன். "என்ன ஓலை? ஏன் வைச்சவர்?"

சார் சொன்னார். கேட்டுவிட்டுச் சிவநேசன் சொன்னார்:

"என்ர முதல் கண்டெய்னர் ஐயா இது. கடைக்காரர் எல்லாருக்கும் சொல்லிப் போட்டன். சரி, இனிக் கதைச்சு என்ன செய்யிறது. இங்கத்தைய அதிகாரிமார் திறந்து கண்டுபிடிச்சால் வேற கதை. நீங்கள் முந்திச் சொன்னது நல்லம். எழுத்தில தாங்கோ. சரக்கை விடுவினமோ தெரியாது."

அந்த நாட்டு அதிகாரிகளுக்கு எழுதி அனுப்ப அங்கிருந்து ஒரு தாள் வந்தது. நான் சொல்ல, சார் ஆங்கிலத்தில் தட்டினார். என்ன பொருள்? காய்ந்த பனங்குருத்து. எத்தனை? ஒன்று. எங்கே? வலது பக்கம், மேல். அடுத்த கட்டத்தில் சார் நின்றார்.

"என்ன உபயோகத்துக்குன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. என்ன எழுதட்டுங்க?"

"பாதுகாப்புக்குன்னு எழுதுங்க சார்."

"பாதுகாப்புக்குன்னா சீல் இருக்குதுங்க, பையி இருக்குதுங்க, இன்சூரன்ஸ் இருக்குதுங்க. ஓலை எப்படிங்க பாதுகாப்பாகும்? அவங்க திருப்பிக் கேப்பாங்க."

"பயந்துட்டு வெச்சேனுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை தட்டினார். என்னவென்று கேட்டேன். "ஜெபம்னு போட்டிருக்கேன்" என்றார். கையெழுத்துப் போட்டேன். அதை வாங்கி வைத்துக்கொண்டு, "இது முடியற வரைக்கும் உறுதித்தாளுல நான் கையெழுத்துப் போட்டுக்கறேன். நீங்க ஏத்தறதை மட்டும் பாருங்க" என்றார். அதில் 'ங்க' குறைந்திருந்தது. அதுதான் அதிகமாக வலித்தது. கோபம் போய்விட்டது, நம்பிக்கையும் கூடவே போய்விட்டது போல இருந்தது.

விஷயம் பேக்கிங் வரைக்கும் போய்விட்டது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வேலைக்குப் போனேன். எங்கள் வீட்டு ஓலையும் எரிந்த சாம்பல். மரகதம் வழி மறித்துக்கொண்டாள்.

"பூவுக்கு ஒரு சட்டம், ஓலைக்கு ஒரு சட்டமுங்களாண்ணா?"

"தப்புத்தான் அம்மணி."

"நான் கட்டுனது எல்லாருக்கும் தெரியற மாதிரிக் கட்டுனேன். நீங்க திருட்டுத்தனமா வெச்சீங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே, "பயந்துக்காதீங்க. எங்க வேலை போனா உங்க ஊட்டுலதான் வந்து உக்காருவோம், அவ்வளவுதான்" என்று சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன்.

அந்தத் தவக்காலத்தில் எனக்குத் தனியாக உபவாசம், ஒறுத்தல் எதுவும் தேவைப்படவில்லை. சார் கம்ப்யூட்டரில் கப்பல் ஒரு சின்னப் புள்ளியாகத் தெரியும். முன்பெல்லாம் அதைப் பார்த்ததே இல்லை. இப்போது டீ குடிக்கப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தேன். சிங்கப்பூரில் நின்றது. வேறு கப்பலுக்கு மாறியது. கீழே கீழே நகர்ந்தது. புள்ளிக்குள் ஒரு கண்டெய்னர், கண்டெய்னருக்குள் ஒரு ஓலை, ஓலைக்குள் என்ன என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். வண்டு ஓலையை விட்டு அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தால்? பெருகியிருந்தால்? ஜெபமாலை சொல்லும்போது முன்பு மாதாவிடம் 'காப்பாற்று' என்று கேட்பேன். அந்த நாட்களில் 'அது அந்த வளையத்திலேயே இருக்கட்டும்' என்று மட்டும் கேட்டேன்.

கப்பல் போய்ச் சேர்ந்து எட்டாம் நாள் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போட்டோ வந்திருந்தது. கையுறை போட்ட ஒருவர் இடுக்கியால் என் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அளவுகோல். சொன்ன இடத்தில், சொன்ன நீளத்தில் இருந்ததாம். நரம்பில் ஓட்டை இருந்ததாம். உள்ளே இரண்டு வண்டு, இரண்டும் செத்திருந்தன. அவர்கள் பயப்படுகிற அந்த வண்டு இல்லையாம், வேறு சாதி. ஆனாலும் கண்டெய்னர் முழுவதற்கும் புகைமருந்து அடித்தார்கள். பவுச் காற்றுப் புகாமல் ஒட்டியதால் உணவுக்கு ஒன்றுமில்லை. நாங்களாகவே முன்கூட்டிச் சொன்னதால் திருப்பி அனுப்பவில்லை, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். கடைகளுக்குச் சரக்கு நாள் தள்ளிப் போனது. சிவநேசன் இரண்டு வாரம் எங்களிடம் பேசவில்லை. மூன்றாம் வாரம் அடுத்த ஆர்டர் போட்டார்.

மாதா என் ஜெபத்தைக் கேட்டாரா என்று லூர்து கேட்டாள். ஓலை அந்த வளையத்திலேயே இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஆஸ்திரேலியா கண்டெய்னரை ஈஸ்டர் முடிந்து சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமை ஏற்றினோம். வீட்டில் அந்த வருஷத்துப் புது ஓலை இருந்தது. அதை முழுசாகப் படத்துக்குப் பின்னாலேயே விட்டுவிட்டு வந்தேன். சட்டைப்பையில் பேனாகூட வைக்கவில்லை. உறுதித்தாளில் சார்தான் கையெழுத்துப் போடப் போகிறார், என்னிடம் பேனா எதற்கு? கடைசிப் பெட்டி ஏறியது. கதவைச் சாத்தப் போகும்போது சார் வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்தோணி, ஜெபம் பண்ணுவீங்கல்ல?"

"மனசுக்குள்ள பண்ணிக்கறேனுங்க."

"பண்ணுங்க. மொதல்ல கையை விரிச்சுக் காட்டுங்க."

இரண்டு கையையும் விரித்து நீட்டினேன். பீடத்தில் சாமியார் விரிக்கிற மாதிரிதான் இருந்திருக்கும். சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் பார்த்தார். புறங்கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். நான் கண்ணை மூடி, மாதாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். சீல் நம்பரைப் படித்தேன், அவரும் படித்தார்.

பிறகு உறுதித்தாளை எடுத்து என் பக்கம் நீட்டி, தன் பேனாவைக் கொடுத்தார்.

"நீங்க போடறதா இல்லீங்களா சார்?"

"நின்னு பாத்தது நீங்கதானே."

வைத்து எழுத அங்கே ஒன்றும் இல்லை. தாள் ஆடாமல் இருக்க அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் அதற்கடியில் சேர்த்துவைத்துப் பிடித்துக்கொண்டார். அதன்மேல் என் பெயரை எழுதினேன்.